தோட்டக்காரர்களின் ஏடு: ஒரு மதிப்பீடு

வணிக இதழை எடைபோட எனக்கு ஒரே அளவுகோல்தான். காசு கொடுத்து வாங்குகிறவருக்குக் கசப்பதையும் அது எழுதுமா? 1926ல் குஸ்தாவ் ஷ்டோல்பர் பெர்லினில் தொடங்கிய பொருளாதார வார இதழில் ஷும்பீட்டர் போன்ற பொருளாதார அறிஞர்கள் எழுதினார்கள். நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933ல் ஷ்டோல்பர் நாட்டைவிட்டே வெளியேறினார். இன்றைய ஜெர்மன் இதழான 'விர்ட்ஷாஃப்ட்ஸ்வோகெ' அதன் வழித்தோன்றல்.

நம் நீலகிரி மலையில் இதற்கு ஈடாகச் சொல்லத்தக்கது 'பிளாண்டர்ஸ் கிரானிக்கிள்'. 1893ல் உருவாகி, இப்போது குன்னூர் கிளென்வியூவிலிருந்து இயங்கும் உபாசி என்ற தோட்ட அதிபர்கள் சங்கத்தின் ஏடு. 1906ல் தொடங்கியது; அக்காலத்தில் வாராவாரம் வந்தது, இப்போது மாத இதழ்.

அதன் பலம் அறிவியல். 1910களில் சங்கத்தின் அறிவியல் அலுவலர் ஆன்ஸ்டெட் காப்பிச் செடியின் பச்சைப்பூச்சி, உரம், பசுந்தாள் பயிர் என்று எழுதியவை பொறுமையான, நேரில் பார்த்துச் சொன்ன எழுத்து. அந்த வகையில் தமிழ்நாட்டின் வேளாண் வரலாற்றை எழுதுகிறவர் இதைத் தாண்டிப் போக முடியாது.

ஆனால் தொழிலாளி அதில் செலவுக் கணக்கில் வருவார், பேசுகிறவராக வரமாட்டார். அதிபர்களின் ஏட்டிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமா என்று கேட்கலாம், கேள்வி நியாயமானதே. சிறு விவசாயியைப் பேசாமல் விடுவதற்குத்தான் அந்தச் சமாதானம் செல்லாது, ஏனென்றால் அவரும் விளைவித்து விற்கிறவர். 1963 முதல் குன்னூரில் வாராவாரம் தேயிலை ஏலம் நடக்கிறது. அந்த ஏலத்தின் சராசரி விலையில் நூற்றுக்கு 65 பங்கு விவசாயி தரும் பச்சைக் கொழுந்துக்கு, 35 பங்கு அதைத் தூளாக்கும் ஃபேக்டரிக்கு. ஏலத்தில் தூள் கிலோ 100 ரூபாய் போனால் 65 ரூபாய் விவசாயிக்கு. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் கொழுந்து வேண்டும். ஆக, கொழுந்து கிலோவுக்குப் பதினைந்து பதினாறு ரூபாய்தான். கூலியும் உரமும் இதிலிருந்தே போக வேண்டும். 2023ல் கோத்தகிரிப் பக்கம் படகர் விவசாயிகள் கட்டுப்படியாகும் விலை கேட்டு உண்ணாவிரதம் இருந்தது இந்தக் கணக்கை எதிர்த்துத்தான்.

இதை வாராவாரம் அலசித் தமிழில் சொல்ல ஓர் இதழ் இல்லை. கிரானிக்கிள் ஆங்கிலத்தில், அதுவும் மாதம் ஒருமுறை. 2005ல் வந்த நாணயம் விகடன் நடுத்தரக் குடும்பத்துக்கு மியூச்சுவல் ஃபண்டைப் பழக்கியது, நல்ல வேலைதான். கொழுந்து விலை அதன் முதன்மைக் கவலை அல்ல.

ஆவணமாக கிரானிக்கிளுக்கு நூற்றுக்கு எண்பது தருவேன். வணிக இதழாக நாற்பதுக்கு மேல் போட மனம் வரவில்லை.