முகமூடியில்லாத துப்பறிவாளர்: ரெனே மொந்தோயா

சித்திரக்கதை என்றவுடனே முகஞ் சுளிக்கும் பெரியோர் நம்மிடையே பலருளர். அது சிறுபிள்ளைகள் பொழுதுபோக்கும் பொருட்டு அச்சிடப்படுவதென்றும், அதிற் கற்றோர் ஆராய்தற்குரியது யாதுமில்லையென்றும் அவர்கள் கருதுகின்றனர். ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நாம் பாடப்புத்தகத்தின் நடுவில் அவ்வேடுகளை மறைத்து வைத்துப் படித்தவர்களேயாவோம். ஆதலின் பெரியோர் சொல்லை முற்றிலும் பொய்யென மறுக்கத் துணியோம். அவ்வேடுகளிற் பெரும்பாலானவை ஒருமுறை படித்து எறியத்தக்கனவே. எனினும் எறிய மனம் வராத சில உள. அத்தகைய ஒன்றையும், அதிலே வரும் ஒரு போலீஸ் மங்கையையும் பற்றி ஈண்டு எழுதப் புகுந்தோம்.

மாவீரர் கதைகளிற் போலீசார் பெறும் இடம் எத்தன்மையதென்பதை முதற்கண் சொல்லவேண்டும். வௌவால் மனிதன் என்னும் பேட்மன் முதன்முதல் தோன்றியது 1939-ஆம் ஆண்டு மே மாதத்து ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 27-ஆம் இதழில். அக்கதையின் முதற் பக்கத்தைப் பார்த்தவர் அறிவர்: அங்கே செல்வச் சீமான் புரூஸ் வேய்னுடன் அமர்ந்து அளவளாவிக் கொண்டிருப்பவர் போலீஸ் ஆணையர் கார்டன். முகமூடி வீரன் பிறக்குமுன்னரே போலீஸ்காரர் கதைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்! ஆனால் முன்னே வந்தவருக்கு முன்னிடம் கிடைத்ததா? இல்லை. வழக்கின் விவரத்தை வாசகருக்கு எடுத்துச் சொல்வதும், தாமதமாய் வந்து சேர்வதும், கட்டுண்டு கிடக்கும் கள்வனை வண்டியில் ஏற்றுவதுமே பல்லாண்டுகளாகப் போலீசாரின் வேலையாயிற்று. வீரனுடைய கூர்மை விளங்கும்பொருட்டு அவர்கள் மழுங்கியிருக்கவேண்டும். அவனுடைய வேகம் தெரியும்பொருட்டு அவர்கள் தளர்ந்து நடக்கவேண்டும். இதுவே அக்கதைகளின் எழுதா விதி.

ரெனே மொந்தோயா என்பவளும் இவ்விதிக்குள்ளே பிறந்தவள்தான். 1992-இல் தொலைக்காட்சிக்கென ஆக்கப்பட்ட வௌவால் மனிதன் அசையும் சித்திரத்தொடருக்காக அவள் படைக்கப்பட்டாள். தொடர் ஒளிபரப்பாவதற்கு முன்பே, அவ்வாண்டு மார்ச்சு மாத இதழொன்றின் வாயிலாக அச்சிலும் ஏறிவிட்டாள். சீருடைக் காவலராகத் தொடங்கியவள். பருத்த உடலும் கசங்கிய சட்டையுமாய்த் திரியும் துப்பறிவாளர் புல்லக்கின் பக்கத்தில் நிற்பவள். அத்தொடரிலே ‘பி.ஓ.வி.’ என்னும் ஒரு கதையுண்டு. கள்வரைப் பிடிக்கப் போன மூவர் தோற்றுத் திரும்பியதைக் குறித்து விசாரணை நடக்கின்றது. புல்லக் தன் பிழையை மறைத்துப் பொய்யுரைக்கின்றான். மொந்தோயா கண்டது கண்டபடி கூறுகின்றாள். உண்மை சொன்னவளுக்கும் பொய் சொன்னவனுக்கும் ஒரே தண்டனை: மூவரும் வேலையினின்றும் தற்காலிகமாக நீக்கப்படுகின்றனர். அலுவலகங்களிற் சேவகம் செய்து பழகினோர்க்கு இது புதுமையன்று. அவளோ, நீக்கப்பட்ட பின்னும் விட்ட வழக்கைத் தானே தொடர்ந்து போய் முடிக்கின்றாள். அன்றே அவளிடத்தில் ஒரு முதுகெலும்பு இருப்பதை நாம் கண்டோம்.

அம்முதுகெலும்பைக் கொண்டு ஒரு முழு மனுஷியை ஆக்கிக் காட்டியது ‘கோத்தம் சென்ட்ரல்’ என்னும் தொடர். 2003 முதல் 2006 வரை நாற்பது இதழ்கள். எழுதியோர் கிரெக் ருக்கா, எட் புருபேக்கர் என்னும் இருவர். தொடக்கத்தில் வரைந்தவர் மைக்கேல் லார்க். கோத்தம் நகரத்துப் போலீஸ் இலாகாவின் பெருங்குற்றப் பிரிவே கதைக்களம். பகல்முறைக் கதைகளை ருக்காவும், இரவுமுறைக் கதைகளை புருபேக்கரும் பகிர்ந்துகொண்டு எழுதினர். வௌவால் மனிதன் உண்டா? உண்டு, ஆயின் பல பக்கங்களுக்கொருமுறை, மேல்மாடியில் ஓர் இருட்டுத் துண்டாக மாத்திரம். கதை முழுதும் மேசைகளும், காகிதங்களும், ஆறிப்போன காப்பியும், வீட்டுக்கு நேரத்தில் போய்ச்சேராத மனிதருமே. லார்க்கின் ஓவியத்திற் பகட்டில்லை. தோள் சாய்ந்து, கண் கனத்து நிற்கும் மனிதரை அவர் வரைகின்ற விதமே கதையிற் பாதியைச் சொல்லிவிடுகின்றது.

இத்தொடரிலே நம்மை மிகவும் கவர்ந்த நுட்பம் ஒன்றுளது. வௌவால் மனிதனை அழைக்க மாடியில் ஒரு பெரிய விளக்கு இருப்பதை உலகறியும். ஆயினும் அவன் சட்டத்திற்குப் புறம்பானவன். இலாகா அவனை ஒப்புக்கொண்டதாக ஏட்டில் இருத்தல் கூடாது. ஆகவே போலீசார் எவரும் அவ்விளக்கின் விசையைத் தொடுவதில்லை. ஸ்டேசி என்னும் தற்காலிக எழுத்தர்ப் பெண்ணை மாடிக்கு அழைத்துச் சென்று, அவள் கையாலேயே ஏற்றுவிக்கின்றனர்! மேலோர் செய்யவிரும்பித் தம் கையொப்பத்தை மட்டும் வைக்க விரும்பாத காரியங்களுக்கு ஒரு கிராணியின் கை வேண்டியிருக்கின்றது. செம்பனைத் தோட்டத்தில் செக்ரோல் எழுதி வயிறு வளர்க்கும் நாம் இப்பக்கத்தைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தோம். பிறகு சிறிது நேரம் சிரிக்கவில்லை. இதனை எழுதியவர் அலுவலகம் என்பது இன்னதென்று அறிந்தவரேயென்பது நமது துணிபு.

முதற்கதையிலேயே போக்கு விளங்கிவிடுகின்றது. வேறொரு வழக்கைத் தேடிப் போன இரு துப்பறிவாளர், எதிர்பாராமல் மிஸ்டர் பிரீஸ் என்னும் கொடியவன்முன் அகப்படுகின்றனர். சார்லி பீல்ட்ஸ் அங்கேயே உறைந்து மடிகின்றான். கூடச் சென்ற மார்க்கஸ் டிரைவர் பிழைக்கின்றான். விளக்கை ஏற்றுமுன் தாமே அக்கொலைஞனைப் பிடித்துவிட வேண்டுமென்று பிரிவு முழுவதும் அலைகின்றது. முடிவில் விளக்கு ஏற்றப்படத்தான் செய்கிறது. வௌவால் மனிதனே பிரீஸை வீழ்த்துகின்றான். வேறு கதைகளில் இது வெற்றி எனப்படும். இங்கோ டிரைவருக்கு அது தோல்வியினும் கசக்கின்றது. தம் தோழனுக்குத் தாம் செய்யவேண்டிய கடனை வேறொருவன் செய்துவிட்டுப் போனால் மனிதனுக்கு எஞ்சுவதென்ன?

மொந்தோயாவின் கதை ‘அரை வாழ்வு’ என்று பொருள்படும் தலைப்போடு 6 முதல் 10 வரையுள்ள இதழ்களில் வந்தது. 2004-இல் சித்திரக்கதையுலகத்தின் சிறந்த பரிசாகிய ஐஸ்னர் விருதைப் பெற்றது. அவள் டொமினிக்கக் குடியரசிலிருந்து அமெரிக்கா சென்ற பெற்றோரின் மகள். பெற்றோர் திருமணப் பேச்சை எடுத்தபடி இருக்கின்றனர். அவளோ டாரியா என்னும் பெண்ணோடு வாழ்கின்றாள். வீட்டாரும் அறியார், அலுவலகமும் அறியாது. அவள் முன்பு சிறைப்படுத்திய ஒரு கயவன் அவள்மீது வழக்குத் தொடுக்கின்றான். அவள் மற்றொரு பெண்ணை முத்தமிடும் புகைப்படம் ஒன்று அலுவலக அறிக்கைப் பலகையில் ஒருநாள் குத்தப்பட்டிருக்கின்றது. பிறகு அக்கயவன் கொலையுண்கின்றான். கொன்றது அவள் துப்பாக்கி! எல்லாவற்றையும் பின்னின்று பின்னியவன் ஹார்வி டென்ட் என்னும் இருமுகன். அவனுக்கு அவள்மேல் தீராக்காதல். வேலை, மானம், குடும்பம் யாவற்றையும் அவளிடமிருந்து பறித்துவிட்டால், ஒன்றுமில்லாதவள் தன்னிடம் வந்தே தீரவேண்டும் என்பது அவன் கணக்கு.

இக்கணக்கை வாசகர் சற்று நின்று நோக்கவேண்டும். இருமுகன் பயித்தியக்காரன், அவன் அவ்வாறு எண்ணுவது வியப்பன்று. ஆனால் பெண்ணைத் தனக்குரியவளாக்க அவளுடைய மற்றெல்லா வாயில்களையும் அடைத்துவிடுதல் பயித்தியக்காரர் மாத்திரம் செய்யும் காரியமா? அறிவுடையோர் எனப்படுவோர் வீடுகளிலும் அது அன்பென்றும் ஒழுங்கென்றும் பெயர் பெற்று நடப்பதை நாம் காண்கிறோமல்லவா? எழுத்தாளர் இதைச் சொல்லிக்காட்டவில்லை. இருமுகன் வீழ்ந்தபின் கதையை முடித்துவிடாமல், மகளைத் தந்தையின் வீட்டு வாயிலுக்கு அனுப்புகின்றார், அவ்வளவே. உண்மையைத் தன் வாயாற் சொல்லுகின்றாள். தந்தை அவளைத் தள்ளிவிடுகின்றார். இருமுகனின் துப்பாக்கிக்கும் சூழ்ச்சிக்கும் தப்பியவள் தந்தையின் வாய்ச்சொல்லுக்குத் தப்பவில்லை. இறுதியில் அவள் டாரியாவின் அணைப்பில் அழுதபடி கிடக்கின்றாள். இதைவிடக் கடுமையான அடியை எந்த முகமூடிக்காரனும் எந்தச் சித்திரக்கதையிலும் கொடுத்ததாக நமக்கு நினைவில்லை.

‘இத்தகைய உறவைப் பற்றியெல்லாம் நம் வீட்டார் படிக்கும் பக்கத்தில் எழுதலாமோ?’ என்று வினவும் நண்பர்கள் இருப்பர். மொந்தோயாவின் உறவை அவர்கள் ஒப்பினும் ஒப்பாவிடினும், நாம் கேட்பது வேறொன்று. நேர்மையாய் உழைத்து, எவரையும் வஞ்சியாது, ஊர் காத்து வந்த ஒரு மகளை, ஊர் என்ன சொல்லுமோ என்றஞ்சிப் படியிறக்கிவிட்ட தந்தைக்குக் கிடைத்த மானம் எவ்வளவு? அதனை அளந்து சொல்லட்டும், பின்பு பேசுவோம்.

இனி, தொடரின் மிகச் சிறந்த பகுதியாக நாம் கருதுவது காரிகன் என்பவனைப் பற்றியது. மொந்தோயாவுக்குக் கூட்டாளி கிரிஸ்பஸ் ஆலன். கறுப்பினத்தவன், மனைவி மக்களோடு வாழ்பவன், சொற்செட்டுள்ளவன். ஒரு துப்பாக்கிச் சண்டையில் அவன் ஒருவனைச் சுட்டுக் கொல்ல நேர்கின்றது. கடமை வழுவாது சுட்டான் என்று காட்டுதற்கு வேண்டிய குண்டு, சம்பவ இடத்திலிருந்து மாயமாகிவிடுகின்றது. எடுத்தவன் இலாகாவின் ஆளே: தடயம் சேர்க்கும் ஜிம் காரிகன். குற்றம் நடந்த இடங்களிற் கிடைப்பவற்றைக் களவாடி, அவற்றைச் சேர்த்து வைக்கும் பித்தர்களுக்கு விற்பது அவன் தொழில். தோழனின் வேலை போய்விடுமென அஞ்சிய மொந்தோயா காரிகனை அடித்து நொறுக்கி உண்மையைக் கறக்கின்றாள். குண்டு கிடைக்கின்றது, ஆலன் தப்புகின்றான்.

சாதாரணக் கதை இங்கே முடிந்திருக்கும். இக்கதை இங்கேதான் தொடங்குகின்றது. அடித்து வாங்கிய வாக்குமூலம் வழக்கைக் கெடுத்துவிடுகின்றது. அதனாலேயே காரிகன் தண்டனைக்குத் தப்புகின்றான். அவனை நேர்வழியிற் பிடிக்க ஆலன் தனியே, கூட்டாளியிடமும் சொல்லாமல், விசாரிக்கத் தொடங்குகின்றான். காரிகன் அறிந்துகொள்கின்றான், ஆலனைச் சுட்டுக் கொன்றுவிடுகின்றான். கொன்றும் தப்புகின்றான். தோழனைக் காக்கவென ஓங்கிய கையே தோழனின் சாவுக்கு வழி திறந்துவிட்டதென்பதை மொந்தோயா உணர்கின்றாள்.

வௌவால் மனிதன் எத்தனை பேரை அடித்திருக்கின்றான்! ஏறக்குறைய ஒவ்வொரு மாதமும், ஒவ்வோர் ஏட்டிலும், எவனையேனும் மாடியிலிருந்து தலைகீழாய்த் தொங்கவிட்டு உண்மையை வாங்குகின்றான். அதனால் கெட்ட வழக்கு எது? அவனை நீதிமன்றக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்த வக்கீல் யார்? வீரனின் அடி வீரமாகிறது. அவ்வடியையே சம்பளம் வாங்கும் பெண்ணொருத்தி ஒருமுறை அடித்தால் அதற்கு வட்டியும் முதலுமாய்க் கணக்குத் தீர்க்கப்படுகின்றது. இவ்வேற்றுமையை அக்கதைகளின் உள்ளிருந்தே, அதே நகரத்தில், அதே விளக்கின் கீழ் வைத்துக் காட்டியமையே ருக்காவின் சாமர்த்தியம். நாற்பதாம் இதழில் அவள் காரிகனைத் தேடிச் சென்று துப்பாக்கியை நீட்டுகின்றாள். விரல் விசையை அழுத்த மறுக்கின்றது. சுடாமலே திரும்புகின்றாள், தன் அடையாள வில்லையையும் வேண்டாமென்று விட்டுச் செல்கின்றாள். கோழையாயினளோ, அறத்தில் நின்றனளோ என்று எழுத்தாளர் தீர்ப்புரைக்கவில்லை. அதுவே நன்று.

குறை சொல்லாமல் விடுவதும் முறையன்று. இத்தொடர் முடிந்த கையோடு, 2006 மே மாதம் முதல் ஓராண்டு வாரந்தோறும் வெளிவந்த ‘52’ என்னும் கதையில், மொந்தோயா குடியில் மூழ்கிக் கிடப்பவளாய்த் தோன்றுகின்றாள். முகமற்ற முகமூடி தரித்த ‘கொஸ்டியன்’, அதாவது ‘வினா’ என்பவன் அவளைத் தூக்கி நிறுத்துகின்றான். 1967-இல் ஸ்டீவ் டிட்கோ படைத்த அவ்வீரன் நுரையீரற் புற்றுநோயால் மாள, அவனுடைய முகமூடியை மொந்தோயாவே அணிந்துகொள்கின்றாள். இறந்த ஆலனும் சும்மா கிடக்க விடப்படவில்லை. பழிவாங்கும் ஆவியாகிய ஸ்பெக்டர் அவனை உடலாகக் கொண்டுவிடுகின்றது. பலர் இதனை உயர்வென்று கொண்டாடினர். துணைப்பாத்திரம் தலைவியாயினள் என்பது அவர்கள் மகிழ்ச்சி. தனியே எடுத்து நோக்கின் ‘52’-இல் அவளது பகுதி நன்கெழுதப்பட்டதே, அதனை மறுக்கோம். ஆயினும் நமக்கு அது உவப்பாயில்லை. முகமூடியில்லாத மனிதரும் ஒரு கதையைத் தாங்க வல்லவர் என்று நாற்பது இதழ்கள் பாடுபட்டு நிறுவிய பிறகு, அந்நகரத்தில் ஒருத்தி மேன்மையடைய முகமூடி அணிந்தே தீரவேண்டுமென்று திரும்பவும் சொல்லுவதா? ஒருவனுடைய வேலையை மெச்சி, அவ்வேலையை விட்டே அவனை நீக்கி மேலிடத்தில் அமர்த்துவது போன்றது இது.

பின்னர் வந்த கதைகளில் அவள் மீண்டும் இலாகாவுக்குத் திரும்பி, கார்டன் இருந்த ஆணையர் நாற்காலியிலும் அமர்ந்தாள். 2020-இல் வெளியான திரைப்படமொன்றில் ரோசி பெரெஸ் என்னும் நடிகை அவளாக நடித்தார். அவற்றைப் பற்றி விரித்துரைக்க இங்கு இடமில்லை. விரிக்குந் தகுதியும் பெரிதில்லை.

‘கோத்தம் சென்ட்ரல்’ நான்கு தொகுதிகளாகக் கட்டப்பட்டு விற்பனைக்கு வந்துள்ளது. ‘அரை வாழ்வு’ முதற்றொகுதியிலேயே அடங்கியிருக்கின்றது. காரிகன் கதையின் முற்பகுதி மூன்றாவதிலும் முடிவு நான்காவதிலும் வருதலால், இரண்டையும் சேர்த்தே வாங்கவேண்டும். ஒன்றை மட்டும் வாங்கினோர் நம்மிடம் இரவல் கேட்டு வருகின்றனர். எழுத்தை மட்டும் படித்துத் தாளைப் புரட்டிவிடும் வழக்கமுடையோர் இந்நூலில் அவ்வாறு செய்யாதிருப்பாராக. தந்தையின் வீட்டினின்றும் வெளிவரும் மொந்தோயாவின் முகத்தை லார்க் வரைந்த பக்கத்தில் சற்றுத் தங்குக.