வள்ளியம்மா பேராண்டி

சங்கப் புலவருட் சிலர் தந்தை பெயரொடு வழங்கப்பெறுவர். கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்பது யாவரும் அறிந்த சான்று. அம்பத்தூர், ஆவடி கடந்து மேற்கே செல்லும் இருப்புப்பாதையில் உள்ள அரக்கோணத்தைச் சார்ந்த அறிவு, 2024இல் வெளியிட்ட தம் தனி இசைத்தொகுப்பிற்குப் பாட்டி பெயரால் ‘வள்ளியம்மா பேராண்டி’ எனப் பெயர் சூட்டினார். வள்ளியம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 2021இல் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ பாடலிலும் அவர் நினைவு உண்டு. ஈண்டு அவர் பெயர் பாடுவோனுக்கே அடையாளம். இதனையே யாம் பெரிதும் போற்றுகின்றோம். பேரன் என்னாது பேச்சுவழக்கிற் பேராண்டி என்றதும் நன்று. கிழவியின் வாய்ச்சொல்லே தலைப்பாயிற்று. தற்புகழ்ச்சி சொல்லிசையின் இயல்பு. நன்னூலாரும் இடமறிந்து அதனைத் தகும் என்பர். ஈண்டு அப்புகழ் பாடுவோனிடத்து நில்லாது, கொழுந்து பறித்த கைகளுக்குச் சென்று சேர்கின்றது.