மேற்கோள் எண்ணும் கணினித் தமிழும்

ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை எடுத்துக்காட்டினர் என்று எண்ணித் தகுதி உரைப்பது இக்காலப் பல்கலைக்கழக வழக்கு. 2005 இல் ஹெர்ஷ் என்னும் இயற்பியல் அறிஞர் வகுத்த ‘எச்’ எண் அவ்வகையினது. ஒருவர்க்கு ‘எச்’ எண் 10 என்றால், அவர்தம் கட்டுரைகளுள் 10, ஒவ்வொன்றும் 10 முறையேனும் மேற்கோளாயின என்பது பொருள். விடைத்தாளுக்குப் புள்ளி இடுவதுபோல் எளிது. ஆதலின் செல்வாக்கும் மிகுதி.

இவ்வளவுகோல் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமிக்குப் பொருந்துமா? சிறுகதை ஆசிரியராகவும் விரிவுரையாளராகவும் விளங்கிய அவர் கணியன் விசைப்பலகையை அமைத்தார். 1995 இல் டான் டின் வீயுடன் இணைந்து, சிங்கப்பூர்த் தமிழ்க் கவிதைகளைத் தமிழ் எழுத்திலேயே இணையத்தில் ஏற்றினார். 1997 மே மாதம் இங்கு நடந்த தமிழ்க் கணிமை மாநாட்டிற்கும் முன்னின்றார். அதன் தொடர்ச்சியாகவே 1999 இல் சென்னை மாநாடு கூடிற்று. தமிழ்நாட்டரசு ஏற்ற ‘தமிழ்99’ விசைப்பலகையும் அவ்வாண்டினதே.

விசைகளைத் தட்டுவோர் அடிக்குறிப்பு எழுதுவதில்லை. சிராங்கூன் சாலைக் கடைக்காரர் கைபேசியில் தமிழில் விலை எழுதி அனுப்புங்கால் யாரை மேற்கோள் காட்டுவார்? பயன் பரவப் பரவ, படைத்தவர் பெயர் மறைதலே இத்துறையின் இயல்பு. அன்றியும், கணினி அறிஞர் பெரிதும் மாநாடுகளிலேயே தம் ஆய்வை வெளியிடுவர். இதழ்களை மட்டும் எண்ணிய பழைய பட்டியல்களில் அவ்வுழைப்பு ஏறவில்லை.

ஆயினும் மேற்கோளை வெறும் புகழ்க்கணக்கென்று தள்ளுதலும் தவறு. கட்டுரையாக எழுதப்படாத நுட்பத்தைப் பின்வருவோர் சோதித்தலும் மறுத்தலும் அரிது. கோவிந்தசாமி 1999 இல் மறைந்தார். இன்று அவர் பணியை ஆராயப் புகுவோர்க்கு முதலில் வேண்டுவது எண்ணன்று. மாநாட்டு உரைகளும் மென்பொருள்களும் ஒருங்கே திரட்டப்பட்ட தொகுப்பு.