எட்டாவது கல்லின் பச்சை

டையிங் பட்டறைக்காரரிடம் வெறுமனே ‘பச்சை’ என்றால் சிரிப்பார். எந்தப் பச்சை? பையர் அனுப்பிய ஷேடு கார்டையும் லேப் டிப் போட்ட துணியையும் லைட் பாக்ஸில் அருகருகே வைத்து, “கொஞ்சம் நீலம் தூக்குதுங்க” என்று நமக்குத் தெரியாததைக் கண்டுபிடிப்பார். அந்தக் கண்ணை இரவல் வாங்கிக்கொண்டு ஒரு கல்லைப் பார்க்கலாம்.

திருப்பூரிலிருந்து காங்கயம் போகிற வழியில் இருக்கிறது படியூர். பெரில் என்னும் பச்சைக்கல்லுக்குப் பேர்போன மண் அது. நொய்யல் கரையோடு கிழக்கே போனால் கொடுமணல். பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இதுதான் என்பது ஆய்வாளர் முடிவு. 1985 தொடங்கி நடந்த அகழாய்வுகளில் பெரில், பளிங்கு, சூதுபவளம் என்று முடிந்ததும் முடியாததுமாக மணிகள் கிடைத்தன. அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துச் சரக்கு பாலக்காட்டுக் கணவாய் தாண்டி முசிறிக்குப் போய்க் கப்பலேறும். செங்கடலில் இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, நைல் ஆற்றோடு மிதந்து அலெக்சாந்திரியாவில் கரை சேரும். வியன்னாவில் இருக்கும் இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒப்பந்தம் ஒன்று இந்த வழியின் பிற்பகுதியையும், கட்ட வேண்டிய கால் பங்கு வரியையும், நம் ஷிப்மென்ட் பேப்பர் கணக்காக வரிசைப்படுத்துகிறது.

கல்லோடு பெயரும் போனது. இதன் பழைய பெயரான வைடூரியம் பிராகிருதத்தில் வேருலிய ஆகி, கிரேக்கத்தில் பெரில்லோஸ் ஆயிற்று. ரோமானியரான பிளினி இந்தக் கல்லை ஷேடு வாரியாகத் தரம் பிரிக்கிறார்: தெளிந்த கடலின் பச்சை முதல் தரம், பொன் கலந்தது அதற்கடுத்தது, மெழுகு நிறமும் எண்ணெய் நிறமும் கீழ்த்தட்டு. இந்தியர்கள் நீளமான கற்களைத் துளையிட்டு யானை மயிரில் கோத்துக்கொள்வார்களாம். தங்கம் சேராமல் இருந்தால்தான் இந்தக் கல்லுக்கு அழகு என்பார்களாம். சிலர் இது பிறக்கும்போதே கோணங்களோடு பிறக்கிறது என்று நினைப்பதாகவும் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போகிறார். அந்தச் சிலர் நினைத்தது சரி. பெரில் மண்ணுக்குள்ளேயே ஆறு பட்டையாகத்தான் விளைகிறது.

இனி அலெக்சாந்திரியா. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அங்கிருந்த யூதர்கள் தங்கள் வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தார்கள். அதில் வரும் தலைமைக் குருவின் மார்ப்பதக்கத்தில் நான்கு வரிசை, வரிசைக்கு மூன்று கல். நான்காம் வரிசையின் நடுக்கல்லுக்கு அவர்கள் போட்ட பெயர் ‘பெரில்லியோன்’. எபிரேயச் சட்டத்தின் நட்டநடுவே நம் பக்கத்துச் சொல் ஒன்று உட்கார்ந்துகொண்டது.

அதே ஊர் யூத ஞானி ஃபைலோ, இயேசுவின் காலத்தவர். பன்னிரண்டு கல்லும் பன்னிரண்டு ராசி என்கிறார். வரிசைக்கு ஒரு பருவம். நம்மூர் ராசிக்கல் மோதிரம் நினைவுக்கு வரும். ஆனால் அவர் பலன் சொல்லவில்லை. ஒரு கல்லின் நிறம் இன்னொன்றுக்கு ஏன் இல்லை என்று கேட்கிறார். ஒவ்வொரு ராசியும் காற்றிலும் மண்ணிலும் நீரிலும் தனக்கே உரிய சாயத்தை ஏற்றுகிறது, அதனால்தான் என்கிறார். அவருக்கு வானமே ஒரு டையிங் பட்டறை.

கி.பி. 200ஐ ஒட்டி அங்கே கற்பித்த கிறித்தவ ஆசிரியர் கிளெமென்ட் வேறு மாதிரி. நகைப் பித்துப் பிடித்த பெண்களைத் திட்டுவதற்கென்றே ஓர் அத்தியாயம் எழுதினார். எழுதும்போதே ஒரு சங்கடம்: வேதம் வருணிக்கும் விண்ணக நகரத்தின் மதிலே ரத்தினக்கல் ஆயிற்றே! நிறம்தான் விலை உயர்ந்தது, மற்றதெல்லாம் வெறும் மண் என்று அந்தச் சங்கடத்தை அழகாகத் தாண்டுகிறார். கல்லைக் கீழே போட்டுவிட்டு அதன் ஒளியை மட்டும் எடுத்து அப்போஸ்தலர்களின் குரலுக்குக் கொடுத்துவிடுகிறார். ஃபைலோ ஒரு நிறத்துக்கும் இன்னொரு நிறத்துக்கும் உள்ள வேற்றுமையில் லயித்தார். கிளெமென்ட் நிறத்தையே கல்லிலிருந்து பிரித்தார். சாயம் வேறு, துணி வேறு என்று தெரிந்த நமக்கு இரண்டும் புரியும்.

அந்த மதிலின் எட்டாவது அடித்தளக் கல் பெரில். நம் பழைய தமிழ் விவிலியத்தில் அதற்கு வைடூரியம் என்ற பெயர் இல்லை. அந்தப் பெயர் இரண்டு கல் தள்ளிப் பத்தாவதற்குப் போய்விட்டது. கடல் கடந்து போய்த் திரும்பிய பிள்ளையை வீட்டார் அடையாளம் காணவில்லை. ஆனாலும் வாசலில் நிறுத்தி அவர்கள் வைத்த புதுப்பெயரைப் பாருங்கள்: படிகப்பச்சை. உள்ளே படிகம், மேலே பச்சை. பிளினி ஒரு பத்தியில் சொன்ன கடல்நிறத்துக்கு ஒரே சொல். அந்தச் சொல்லை லைட் பாக்ஸில் வைத்தாலும் ஷேடு மாறாது.