மார்ஷல் வார்டின் கோப்பிநோய் ஆராய்ச்சி: ஒரு மதிப்பீடு

அறிவியலாராய்ச்சியை மதிப்பிடுவோர் பெரும்பாலும் அதன் பயனைக் கொண்டே அதன் பெருமையைக் கணிப்பர். நோயைத் தீர்த்த ஆராய்ச்சி சிறந்தது, தீர்க்காதது வீண் என்பது உலக வழக்கு. இவ்வளவுகோல் பொருத்தமானதா என்பதை ஆராய்தற்கு, கண்டி மாநகரை அடுத்த பேராதனையிலே 1880 முதல் 1882 வரை நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சி தக்க உரைகல்லாகும். ஹரி மார்ஷல் வார்டு என்னும் ஆங்கில இளைஞர் கோப்பியிலை நோயைப் பற்றி அரசாங்கத்துக்கு அளித்த அறிக்கைகளே ஈண்டு ஆராய்ச்சிக்குரியன. அவை கோப்பியைக் காப்பாற்றவில்லை. ஆயினும் தாவர நோயியலின் அடிப்படை ஆவணங்களுள் வைத்து எண்ணப்படுகின்றன. இம்முரண்பாட்டின் காரணம் யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதற்கண் நோயின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். கம்பளைக்கு அண்மையிலுள்ள சிங்ஹபிட்டியவில் 1820களிலே தொடங்கிய பெருந்தோட்டக் கோப்பிச் செய்கை, கண்டியைச் சூழ்ந்த மலைக்காடுகளை அரை நூற்றாண்டுக்குள் அழித்துப் பரவியது. 1869ஆம் ஆண்டு மே மாதம் மடுல்சீமைத் தோட்டமொன்றிலிருந்து நோயுற்ற இலைகள் பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராகிய துவெயிற்சிடம் வந்து சேர்ந்தன. இலையின் அடிப்புறத்திலே செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருந்தது. அவர் அவற்றை இங்கிலாந்திலிருந்த பேர்க்கிலி என்னும் பங்கசியலறிஞருக்கு அனுப்ப, அவர் அவ்வாண்டிலேயே அப்பங்கசுக்கு ‘ஹெமிலியா வஸ்ராற்றிக்ஸ்’ எனப் பெயரிட்டார். வித்தியின் ஒருபுறம் மழமழப்பாகவும் மறுபுறம் முட்போன்ற சிறு கூர்களுடனும் இருத்தலின் ‘பாதி மழமழப்பானது’ என்பது முதற்சொல்லின் பொருள். ‘பாழ்படுத்துவது’ என்பது இரண்டாஞ்சொல்லின் பொருள். பெயரிட்டவரின் இரண்டாஞ்சொல் தீர்க்கதரிசனமாகவே அமைந்துவிட்டது.

எனினும் தோட்டத்துரைமார் பதினோராண்டு காலம் அச்சொல்லின் பொருளை உணர்ந்திலர். 1870களிற் கோப்பியின் விலை உயர்ந்தமையால், விளைச்சல் குன்றியபோதும் வருவாய் குன்றவில்லை. ஆகவே மேலும் காடு வெட்டி மேலும் கோப்பி நட்டனர். நோய்க்குக் காரணம் மண்ணின் வளக்குறைவு என்றனர் சிலர். பருவநிலை என்றனர் சிலர். மரத்தின் தளர்ச்சி என்றனர் வேறு சிலர். பங்கசு நோயின் காரணமா, அன்றி நோயுற்ற மரத்தில் வந்து குடியேறிய விருந்தாளியா என்பதே தீராத வினாவாக இருந்தது. இந்நிலையிலேதான் ஜேர்மனியிற் பயின்று வந்தவரும் இருபத்தைந்தை ஒட்டிய வயதினருமான வார்டு 1880இல் இங்கு வந்து சேர்ந்தார்.

அவருடைய ஆராய்ச்சியின் முதற் சிறப்பு அதன் ஒழுங்கிலே உள்ளது. மருந்து யாது என்று அவர் தொடக்கத்திலே தேடினாரல்லர். வித்தி எங்கிருந்து வருகிறது, எவ்வாறு முளைக்கிறது, எவ்வழியாக இலையுட் புகுகிறது, புகுந்தபின் என்ன செய்கிறது என்று ஒன்றன்பின் ஒன்றாக வினாவினார். இலையின் மேற்பரப்பில் நீர்த்துளி இருந்தாலன்றி வித்தி முளையாது என்பதையும், முளைத்த நுண்குழல் இலைவாயின் வழியாகவே உள்ளே புகுகின்றது என்பதையும் நுணுக்குக்காட்டியாற் கண்டார். தூய இலையிலே வித்தியை இட்டு நோயைத் தாமே தோற்றுவித்தார். வித்தியிட்ட இடத்திற் சில வாரங்களுள் மஞ்சட்புள்ளி தோன்றியது. அதனாற் பங்கசு விருந்தாளியன்று, நோயின் காரணமே அதுதான் என்பது நிலைநாட்டப்பட்டது. நோயின் அடையாளத்தை அதன் காரணத்தினின்றும் பிரித்தறியும் இம்முறை மருத்துவத்துக்கும் உரியது. ரொபேட் கொக் என்னும் ஜேர்மன் மருத்துவர் காசநோய்க் கிருமியைப் பற்றிய தம் முடிபை உலகறியச் செய்தது 1882ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலாகும். பேர்லினிலே மனிதனின் நுரையீரலில் ஆராயப்பட்ட அதே வினா, அதே காலத்திற் பேராதனையிலே ஓர் இலையில் ஆராயப்பட்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

மரம் ஏன் காய்ப்பதில்லை என்பதற்கு அவர் தந்த விளக்கம் இரண்டாஞ் சிறப்பு. பங்கசு காயைத் தாக்குவதில்லை, வேரையும் தாக்குவதில்லை. இலையே மரத்தின் உணவுச்சாலை. அவ்விலை காலத்துக்கு முன் உதிர்தலின், காயை வளர்த்தற்கு வேண்டிய உணவு மரத்துக்குக் கிடைப்பதில்லை. மரம் நோயாற் சாகிறது என்பதனினும் பசியால் மெலிகிறது என்பதே பொருந்தும். இவ்விளக்கம் தெளிவுற்றபின், எருவிட்டு நோயைத் தீர்க்கலாம் என்ற நம்பிக்கைக்கு இடமில்லாது போயிற்று. எரு மரத்துக்கு வலுவூட்டலாம். இலைவாயை அது மூடாது.

வித்தி பரவும் முறையைப் பற்றிய அவருடைய முடிபு தனித்து ஆராயற்பாலது. பசையிட்ட கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களிலே தொங்கவிட்டு, அவற்றிற் படிந்த வித்திகளைக் கண்டு, காற்றே அவற்றைக் கொண்டுசெல்கின்றது என அவர் முடிவு செய்தார். இஃது உயிரியலை விட்டுப் பௌதிகத்தின் எல்லைக்குட் புகும் வினாவாகும். ஸ்ரோக்ஸ் என்பார் 1851இல் வகுத்த விதியின்படி, பாய்பொருளினூடே விழும் நுண்ணிய உருண்டையின் வேகம் அதன் ஆரையின் வர்க்கத்தைப் பொறுத்தது. இவ்வித்தியின் குறுக்களவு ஒரு மில்லிமீற்றரை நூறாக்கி அதில் ஏறத்தாழ மூன்று பங்கு. கணித்து நோக்கின், அசைவற்ற காற்றில் அஃது விநாடிக்கு மூன்று சென்றிமீற்றரிலும் சற்றுக் குறைவாகவே கீழிறங்கும். இரண்டு மீற்றர் உயரத்திலிருந்து நிலத்தை அடைய ஒரு நிமிடத்துக்கு மேற் செல்லும். அவ்வேளையில் விநாடிக்கு ஐந்து மீற்றர் வேகத்தில் வீசும் காற்று அதனை முந்நூறு மீற்றருக்கு அப்பாற் கொண்டு சேர்த்துவிடும். மலைச்சரிவின் வழியே மேலெழும் காற்றோ வித்தியைக் கீழிறங்கவே விடாது. ஒரு தோட்டத்தின் நோய் அடுத்த தோட்டத்தின் நோயாவதற்கு இக்கணக்கே போதிய சான்று.

எனினும் வார்டின் இம்முடிபு எதிர்ப்பின்றி நிலைக்கவில்லை. 1960ஐ ஒட்டிக் கென்யாவிலே நட்மன் முதலியோர், ஈரப்பட்ட இலையின் வித்திகள் காற்றால் எளிதிற் பெயர்வதில்லை என்றும், மழைத்துளி தெறித்தலாலேயே அவை இலைவிட்டு இலை செல்கின்றன என்றும் வாதித்தனர். 1970இற் பிரேசிலில் இந்நோய் காணப்பட்டபோது, ஆபிரிக்காவிலிருந்து அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து காற்றே அதனைக் கொணர்ந்திருத்தல் கூடுமா என்ற வினாவும் எழுந்தது. நடுவுநிலையில் நோக்கின், ஒரு மரத்துக்குள்ளும் அயல் மரங்களுக்குள்ளும் பரவுவதற்கு மழைத்துளியும், தோட்டந்தோட்டமாகப் பரவுவதற்குக் காற்றும் துணைசெய்கின்றன எனக் கொள்வதே பொருந்தும். வார்டு கண்டது பொய்யன்று, முழுமையுமன்று. பின்வந்தோர் திருத்துதற்கு இடந்தருவதும் நல்லாராய்ச்சியின் இலக்கணமே.

இனி, அவர்மீது சுமத்தப்படும் குறையை நோக்குவாம். அவர் மருந்து காணாமற் சென்றார் என்பது மெய். கந்தகமும் சுண்ணாம்பும் தூவும் முறையை மொறிஸ் என்பார் அவருக்கு முன்னரே சோதித்திருந்தார். அதனாற் பெரும்பயன் விளையவில்லை. ஆயினும் வார்டின் ஆராய்ச்சியிலிருந்து ஓர் உண்மை வெளிப்பட்டது. இலையினுட் புகுந்தபின் பங்கசை அழித்தல் இலையையே அழித்தலாகும். ஆதலின் அது வெளியே முளைக்கும் வேளையிலேயே அதனைத் தடுத்தல் வேண்டும். மூன்றாண்டுகளின் பின், 1885இல், பிரான்சிலே மிலார்டே என்பார் துருசும் சுண்ணாம்பும் சேர்ந்த போடோக் கலவையை உலகுக்கு அறிவித்தார். அஃது இலையின் வெளியே நின்று காக்கும் மருந்தேயாம். கொள்கை பேராதனையில் இருந்தது. கருவி போடோவில் இருந்தது. இரண்டும் சேர்வதற்குள் இங்கே கோப்பி அழிந்துகொண்டிருந்தது. 1870இல் ஏறத்தாழ 10 கோடி இறாத்தலாயிருந்த ஏற்றுமதி 1889இல் 50 இலட்சம் இறாத்தலளவுக்கு வீழ்ந்தது. காலம் தாழ்த்தமைக்கு ஆராய்ச்சியாளன் பொறுப்பாளியல்லன். 1869இல் அனுப்பியிருக்க வேண்டிய அறிஞனை 1880இல் அனுப்பியோரே பொறுப்பாளிகள்.

வார்டு சுட்டிய மற்றொன்று இன்றும் தன் பொருளை இழக்கவில்லை. கலப்புக் காட்டிலே ஒருவகை மரத்தைத் தேடும் பங்கசு பெரும்பாலும் பட்டினி கிடக்கும். மலைமுழுதும் ஒரே பயிரை நட்டால் அதற்கு விருந்து வைத்தாற் போலாகும். ஒரே பயிரை இடைவிடாது பரப்பியமையே நோய்க்கு வழி திறந்தது என்னும் இக்கருத்து இன்று சூழலியல் என வழங்கும் அறிவின் உயிர்நாடியாகும். ஆயினும் கோப்பி அழிந்த மலைகளிலே மீண்டும் ஒரே பயிராகத் தேயிலையே நடப்பட்டது. 1946இலே தேயிலைக் கொப்புள நோய் இலங்கையிற் காணப்பட்டபோது அப்பாடம் மறுபடியும் கற்பிக்கப்பட்டது. 2012ஐ ஒட்டி மத்திய அமெரிக்கக் கோப்பித் தோட்டங்களைப் பழைய பங்கசே பெரிதும் பாழ்படுத்தியது. அறிக்கை பழையது, அதனைப் படியாமையோ என்றும் புதியது.

ஈண்டு ஒரு கட்டுக்கதையையும் மறுத்தல் வேண்டும். இந்நோயினாலேயே ஆங்கிலேயர் கோப்பியை விடுத்துத் தேநீர் பருகத் தொடங்கினர் என்று கூறுவாருளர். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்து சீனத் தேயிலைக்குப் பழகிவிட்டது. லூல்கந்துறவிலே ஜேம்ஸ் ரெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டதும் 1867இல், அஃதாவது நோய் காணப்படுவதற்கு ஈராண்டுகளுக்கு முன்னராகும். நோய் தேயிலையைப் பிறப்பிக்கவில்லை. பிறந்திருந்த தேயிலைக்கு நிலத்தை ஒழித்துக் கொடுத்தது. முன்பின் நிகழ்ந்த இரண்டனுள் முன்னதைக் காரணமென்றும் பின்னதைக் காரியமென்றும் கொள்ளும் இப்பிழையைத்தான் வார்டின் முறை களைய முயன்றது.

இத்துணைச் சிறப்பிருந்தும் இவ்வாராய்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு. அதன் பொருள் இலையும் பங்கசுமேயாம். அதன் பயன் தோட்டமுதலாளியின் இலாபத்தை நோக்கியது. அவ்விலைகளை நாள்தோறும் தொட்ட கைகளோ, இராமநாதபுரக் கரையிலிருந்து கடல் கடந்து, மன்னார் வழியாகக் காடு மேடு நடந்து, மாத்தளை வந்தடைந்த தமிழ்த் தொழிலாளரின் கைகள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம் மிகப் பலரை இம்மலைகளுக்குத் துரத்தியது. வழியிற் கொள்ளைநோய்க்கும் பசிக்கும் தப்பி வந்தோர், இங்கே இலை உதிர்ந்தபோது வேலையையும் நிலுவைக் கூலியையும் இழந்து நின்றனர். மரம் பசியால் மெலிந்ததைக் கண்டறிந்த ஆராய்ச்சி, அம்மரத்தடியில் நின்ற மனிதனின் பசியை ஆராயுமாறு பணிக்கப்படவில்லை. இது வார்டு ஒருவரின் குறையன்று. ஆராய்ச்சியை ஏவியவர் வகுத்த எல்லை. எனினும் மதிப்பிடுவோர் அவ்வெல்லையைச் சுட்டாது விடுதல் நேர்மையாகாது.

மொழியைப் பற்றியும் ஒன்று கூறல் தகும். நோய் கண்ட அதே 1869ஆம் ஆண்டிலே ஆபிரகாம் ஜோசப் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ என்னும் தமிழ் நூல் வெளிவந்தது. கோப்பிச் செய்கையைப் பாடுதற்குத் தமிழ் இடந்தந்தது என்பதற்கு அந்நூலே சான்று. அச்செய்கையை அழித்த நோயின் ஆராய்ச்சியோ ஆங்கில அறிக்கைகளிலும் இலண்டன் சஞ்சிகைகளிலுமே தங்கிவிட்டது. செம்மஞ்சட் புள்ளியை முதலிற் காணத்தக்க கண்கள் தொழிலாளியின் கண்களே. அக்கண்களுக்குத் தான் கண்டதன் பொருளைச் சொல்ல எவரும் முற்படாவிடில் ஆராய்ச்சி பாதிவழியில் நின்றதாகவே கொள்ளவேண்டும்.

அறிவியல் மக்களை அடையாவிடின் விளையும் கேட்டுக்கு 1934-35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் மற்றொரு சான்று. மகாவலி முதலிய ஆறுகள் நிறைந்தோடும் காலத்து நுளம்பின் குடம்பிகளை நீரோட்டம் அடித்துச் சென்றுவிடும். அவ்வாண்டு மழை பொய்த்து ஆறுகள் தேங்கு குட்டைகளாயின, நுளம்பு பெருகிற்று, ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். மருத்துவனின் வினாவுக்கு விடை நீரோட்டத்தில் இருந்தது. நீரோட்டத்துக்குக் காரணம் வானத்தில் இருந்தது. துறைகள் நூல்நிலையத்திலே வெவ்வேறு தட்டுகளில் இருக்கலாம். இயற்கையிலே அவை பிரிந்திருப்பதில்லை. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தாற் சான்றளிக்கப்பட்டது, பல துறையினரும் பொதுமக்களும் சேர்ந்துழைத்ததன் பயனேயாகும்.

ஆகவே தொடக்கத்திலெழுந்த வினாவுக்கு விடை கூறலாம். ஆராய்ச்சியின் பெருமையை அது தீர்த்த நோயின் கணக்கால் மட்டும் அளத்தல் ஆகாது. அது வினாவை எவ்வளவு தெளிவாக்கியது, பின்வந்தோருக்கு எவ்வளவு பற்றுக்கோடு தந்தது, எவரெவரைத் தன் நோக்கெல்லைக்குட் கொண்டது என்னும் மூன்றாலும் அளத்தல் வேண்டும். முதலிரண்டிலும் வார்டின் அறிக்கைகள் உயர்ந்து நிற்கின்றன, மூன்றாவதிலே குறைவுபடுகின்றன. அவர் உலாவிய பூங்கா இன்றும் பேராதனையில் உளது. 1952 முதல் அதன் அயலிலே பல்கலைக்கழகம் விளங்குகின்றது. ஹந்தானைச் சரிவிலே அடிப்படை ஆய்வுகளுக்கெனத் தேசிய நிறுவனமொன்றும் அமைந்துளது. இவற்றுட் புகவிருக்கும் மாணாக்கர், வார்டின் நுணுக்குக்காட்டியோடு அவர் நோக்காத மனிதனையும் நோக்கும் கண்ணையும், கண்டதைத் தாய்மொழியிற் சொல்லும் நாவையும் பெறுவாராயின், அவர் தொடங்கிய பணி இம்மலைகளிலே நிறைவெய்தும் என்க.