ஆறு வாரக் கணக்கு

கெடாவின் சுங்கைப் பட்டாணிக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்து ஓரத்தில் கட்டியிருந்த ஒரு குதிரையின் முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தேன். குளம்பு நீண்டு வளர்ந்து லாடத்தையும் முன்னே இழுத்துக்கொண்டு போயிருந்தது. லாடத்தின் பின்முனைகள் குதியில் அழுந்தியிருந்தன. அடியில் முக்கோணமாக இருக்கும் மெத்தென்ற பகுதியின் பள்ளத்தில் விரலை விட்டால் கறுப்புச் சேறும் அழுகல் வாடையும். “லாடம் அடிச்சாச்சுண்ணே, ஒரு கவலையும் இல்லே” என்றார் வைத்திருப்பவர். கடைசியாக அடித்து மூன்று மாதம் ஆகிவிட்டதாம்.

லாடம் அடித்தால் வேலை முடிந்தது என்ற இந்த எண்ணம் மாட்டுவண்டிக் காலத்திலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, பிளந்த குளம்புக்குக் காலுக்கு இரண்டு தகடு அடிப்பார்கள். தேய்ந்து விழுந்தால் மறுபடி அடிப்பார்கள். தார் ரோட்டில் பாரம் இழுக்கும் மாட்டுக்குக் குளம்பு தேய்வதுதான் ஆபத்து. நம் ஊர்ப்பக்கம் இன்று பிள்ளைகளை ஏற்றவும் கல்யாண ஊர்வலத்துக்கும் வைத்திருக்கும் குதிரைக்கோ ஆபத்து நேர்மாறானது. அதற்கு நடையே குறைவு. குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது, தேய வழியில்லை. லாடம் போட்டுவிட்டால் கொஞ்சநஞ்சத் தேய்மானமும் நின்றுபோகும். முன்பக்கம் நீள நீளக் காலின் பின்பக்கத் தசைநாண்கள் இழுபடும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் லாடத்தைக் கழற்றி, குளம்பைச் செதுக்கி, அரத்தால் மட்டம் பார்த்து, மறுபடி அடிக்கவேண்டும் என்கிறார்கள். இந்த வேலையில் ஆணி கடைசி. கண்ணும் கத்தியும் முதல்.

லாடமே வேண்டாம் என்பவர்களின் வாதத்தையும் எடைபோட வேண்டும். லாடம் அறியாத கிரேக்க நாட்டில், சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன், குதிரை நிற்கும் முற்றத்தில் உருண்டைக் கற்களைப் பரப்பினால் குளம்பு உறுதிப்படும் என்று எழுதினார் செனபோன். நம் காலத்தில் அமெரிக்கர் ஜேமி ஜாக்சன் காட்டுக் குதிரைகளின் குளம்புகளைப் பார்த்து, வெறுங்கால்தான் இயற்கை என்று 1992-இல் புத்தகமே எழுதினார். வாதம் வலுவானதுதான். ஆனால் அவர் பார்த்தவை வறண்ட நிலத்தில் நாள்தோறும் நெடுந்தூரம் நடப்பவை. கெடாவின் மழை மாதங்களில் பாடாங் செராய்ப் பக்கச் சேற்றில் நிற்கும் குதிரைக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. பந்தயத்தில் ஓடி ஓய்ந்து விலைக்கு வரும் உயர்சாதிக் குதிரைகளில் பலவற்றுக்கு உள்ளங்கால் மெல்லியது. சிறு வயதிலிருந்தே லாடத்தில் நின்றவை அவை. திடீரென்று கழற்றிவிட்டுக் கற்சாலையில் நடத்துவது கொடுமை.

அதே ஈரம் லாடத்துக்கும் எதிரிதான். மழையில் ஊறி, ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் காய்ந்து, குளம்பு உப்பியும் சுருங்கியும் ஆணித்துளைகள் தளர்கின்றன. ஆணி இறங்கவேண்டிய இடம், குளம்படியில் உள்ளங்காலும் சுவரும் சேரும் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே உள்ள கெட்டியான சுவர். அது சில மில்லிமீட்டர் கனந்தான். கொஞ்சம் உள்ளே தள்ளினால் உயிருள்ள சதை. இங்கிலாந்தில் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதிவு பெறாதவர் குதிரைக்கு லாடம் அடிப்பது குற்றம். கை பழகாதவர் செய்யும் கேட்டைக் குதிரை வாயால் சொல்லாது என்பதால் அந்தக் கண்டிப்பு எனக்கு நியாயமாகவே படுகிறது.

கைதேர்ந்த ஆள் இல்லாவிட்டால் குதிரை கெடும் என்பது தமிழருக்குப் புதுப் பாடமுமல்ல. பாண்டிய மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கினார்கள், ஆண்டு முடிவில் பெரும்பாலானவை செத்துப்போயின என்று 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதிவைத்தார். குதிரைக்கு வைத்தியமும் லாடமும் தெரிந்தவர் அந்த நாட்டில் இல்லை. விற்கிற வணிகர்களே அப்படி யாரையும் போகவிடாமல் தடுத்தார்கள், குதிரை சாகச் சாகத்தானே வியாபாரம் என்பது அவர் சொல்லும் காரணம். அவர் எழுதியதில் மிகை இருக்கலாம். ஆனாலும் குதிரைக்குக் கொட்டிய பொன்னில் ஒரு பங்கு கைத்தொழிலாளிக்குப் போகவில்லை என்ற அடிப்படை இன்றைக்கும் உறைக்கிறது. சேணத்துக்கும் சரிகைத் துணிக்கும் செலவழிக்கிறோம். காலைப் பார்க்க வருபவரிடம் பேரம் பேசுகிறோம்.

என் தீர்ப்பு இதுதான். கெடாவில் மண்ணிலும் புல்லிலும் நடக்கும் குதிரைக்குச் செதுக்குதல் போதும், லாடம் தேவையில்லை. அடிக்கடி தார் ரோட்டில் நடப்பதற்கும், உள்ளங்கால் மெலிந்ததற்கும் லாடம் வேண்டும். ஆனால் ஆறு வாரத்துக்கு ஒருமுறை தேர்ந்த ஆள் வரமுடியாத இடத்தில் ஆணி அடிக்கவே கூடாது. செதுக்கவும் ஆள் கிடைக்காத இடத்தில் குதிரை வாங்கக்கூடாது. மலேசியாவின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் விலங்கின் தேவைகளைக் கவனிக்கும் கடமையை வைத்திருப்பவர்மீதே சுமத்துகிறது. குளம்பும் அந்தக் கணக்கில்தான் வரும்.

அன்றைக்கு அந்த நண்பரிடம் லாடத்தைக் கழற்றச் சொன்னேன். பினாங்கிலிருந்து ஆள் வரவேண்டும், செலவாகும் என்றார். வரவழையுங்கள், வந்தவர் கிளம்புவதற்குள் அடுத்த தேதியையும் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். குதிரை அந்தக் காலை மண்ணில் முழுசாக ஊன்றாமல் நின்றுகொண்டிருந்தது.