மைதானம் துத்திப்பட்டில், ஆட்டம் வயலில்

கூச் பெஹார் கோப்பை என்ற பெயர் தெரியாதவர்களுக்கும் அதன் ஒரு இறுதிப்போட்டி தெரிந்திருக்கும். 2016-ல் வெளிவந்த தோனி படத்தில் யுவராஜ் சிங் அடித்துக்கொண்டே இருக்க, பீகார் பையன்கள் பந்து பொறுக்கிக் களைத்துப்போகும் ஆட்டம் அது. 1999 டிசம்பரில் ஜாம்ஷெட்பூரில் நடந்தது. பீகார் அணி மொத்தமாக எடுத்தது 357. யுவராஜ் ஒருவரே எடுத்தது 358.

1945-46-ல் பள்ளி மாணவர்களுக்காகத் தொடங்கிய இந்தப் போட்டி, 1987-88 முதல் 19 வயதுக்குட்பட்டோருக்கானதாக நடக்கிறது. புதுச்சேரியின் தனி அணி தேசியப் போட்டிகளுக்குள் நுழைந்தது 2018-19 பருவத்தில்தான். அதற்குக் களமான துத்திப்பட்டு மைதானம் இருப்பது வில்லியனூர் கொம்யூனில். ரஞ்சி ஆட்டங்கள் நடக்கும் புல்தரை, கிராமத்துப் பையன்களின் கண்ணெதிரே இருக்கிறது.

இந்த வயதுவாரிப் போட்டி முறையின் பலத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. 16, 19, 23 என்று வயதுவாரியாகப் படிகள் இருக்கின்றன. பல நாள் ஆட்டத்தில் பொறுமை பழகுகிறது. முதல் நாள் சொதப்பியவன் மூன்றாம் நாள் ஈடுகட்டலாம். பெரிய மாநிலம் எத்தனை பேரைக் களமிறக்குகிறதோ, சிறிய புதுச்சேரியும் அத்தனை பேரை இறக்கலாம். மக்கள்தொகையில் சிறிய ஊருக்கு இது பெரிய வரம்.

குறை, தேர்வு நடக்கும் விதத்தில் இருக்கிறது. வயதுக் கணக்கு செப்டம்பர் 1-ல் தொடங்குகிறது. செப்டம்பரில் பிறந்தவனும் அடுத்த ஆகஸ்டில் பிறந்தவனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பதினைந்து வயதில் பதினோரு மாத வளர்ச்சி என்பது தோள்பலத்தில் தெரியும். முந்திப் பிறந்தவர்களே அதிகம் தேர்வாகிறார்கள் என்பதைக் கனடாவின் ஐஸ் ஹாக்கியில் 1980-களிலேயே கண்டறிந்துவிட்டார்கள். இதோடு வயதைக் குறைத்துக் காட்டும் மோசடியும் சேர்கிறது. 16 வயதுக்குட்பட்டோருக்கு இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ச்சியைப் பார்க்கும் அளவுக்கு நிலைமை போனது. 2015-ல் ராகுல் திராவிட் இந்தப் பழக்கத்தைப் பொதுமேடையிலேயே கடுமையாகக் கண்டித்தார்.

புதுச்சேரிக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. அணி களமிறங்கிய முதல் மாதத்திலேயே, 2018 செப்டம்பரில், வெளியூர் வீரர்கள் எட்டுப் பேரின் பதிவை இந்திய கிரிக்கெட் வாரியம் ரத்து செய்தது. சிறிய அணி சீக்கிரம் ஜெயிக்க ஆசைப்பட்டால், முதலில் இடம் இழப்பவன் உள்ளூர்ப் பையன்தான்.

அந்தப் பையனைப் புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். அறுவடை முடிந்த வயலில் தாளடியைத் தட்டிச் சமப்படுத்திப் பிட்ச் போட்டிருப்பார்கள். கையில் டென்னிஸ் பந்து. அந்தப் பந்துக்குத் தையல் இல்லை. ஸ்விங் பழக வழியில்லை. நெஞ்சுக்கு வந்தாலும் வலிக்காது. அதனால் பின்காலில் போய் ஆடும் பழக்கம் வராது. குறுக்கே சுழற்றி அடித்தால் பந்து வரப்பைத் தாண்டும். தேர்வு நாளில் இதே பையன் முதல்முறை பேடு கட்டி, தோல்பந்தை எதிர்கொள்கிறான். பாகூரிலிருந்து பஸ் மாறித் துத்திப்பட்டு வந்து சேர்ந்தவனுக்கு, சில ஓவர்களில் முடிவு சொல்லப்படுகிறது. அவன் தோற்றது திறமையில் அல்ல, பழக்கத்தில்.

ஜாம்ஷெட்பூர் ஆட்டத்தில் 84 ரன் எடுத்த தோனி, 2000-ல் நடந்த இளையோர் உலகக்கோப்பைக்குத் தேர்வாகவில்லை. நான்காண்டு கழித்து இந்தியாவுக்கு ஆடினார். பதினெட்டு வயதில் சொல்லும் தீர்ப்பு கடைசித் தீர்ப்பாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் தோனிக்கு இருந்த அடுத்த வாய்ப்பு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

ஆக, வயதுவாரிப் போட்டி தேவை. அதன் அடிப்படிதான் நம்மிடம் இல்லை. அரசுப் பள்ளிகளில் மேட்டிங் பிட்ச், கொம்யூன் தோறும் தோல்பந்து லீக், பருவத்துக்கு இரண்டு தேர்வு, முதலில் விடுபட்டவனுக்கு மறுவாய்ப்பு, வசிப்பிட விதியில் கறார். பெரிய செலவு பிடிக்காத காரியங்கள் இவை. கிரிக்கெட் நிர்வாகமும் பள்ளிக் கல்வித் துறையும் சேர்ந்து உட்கார்ந்து பேசினால், அடுத்த பருவத்திலேயே பாகூர் வயலில் இருந்து ஒரு பையன் தோல்பந்தோடு துத்திப்பட்டுக்குப் பஸ் ஏறலாம்.